டயருக்கு வைத்த காற்று

என் தம்பி எனக்கு வைத்த பெயர் காத்துக்காரி. வெள்ளிக்கிழமைகளில், வெயில் ஏறி டயர் சூடாகும் முன்னமே காரைப் பெற்றோல் செட்டுக்குக் கொண்டுபோய், நாலு டயருக்கும் காற்றுப் பார்த்துவிட்டுத்தான் கந்தோருக்கு வேலைக்குப் போவேன். அங்கே நிற்கிறவர் ஒருநாள், வெயில் காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து விட்டால்தான் டயர் வெடிக்காது என்று எனக்குப் புத்தி சொல்லப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். காற்றுக் குறைந்தால்தான் டயரின் பக்கம் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும், அதற்கு வெயிலில் பழி போடாதீர்கள் என்று அவருக்கு விளக்கினேன். பின்னால் காத்து நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். இறங்கிப் போய் அவருக்கும் விளக்கினேன்.

அப்படிப்பட்ட என் காரின் டயரில் இருந்து காற்றைத் திறந்துவிடுகிற உரிமை ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. தம்பி கல்யாணம் முடித்து, மனைவியின் கடற்கரை ஊரான இலங்கைத்துறையோடு போய்விட்டவன். தார் ரோட்டில் இருந்து அவன் வீட்டுக்குப் போகிற பாதை முழுக்க மணல். காற்று இறுகின டயர் அதில் புதையும்; காற்றைக் குறைத்தால் டயர் பரந்து, மணலுக்கு மேலால் போய்விடும். நான் திருகோணமலையில் இருந்து புறப்படும்போதே போன் பண்ணுவேன். அவன் வந்து தார் முடிகிற இடத்தில் நிற்பான். குந்தியிருந்து, நெருப்புக்குச்சியால் வால்வை அமத்தி, காதைக் கிட்ட வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். "காணும், இது போதும்" என்று எழும்பியதும் நான் காற்று அளக்கிற என் கேஜை வைத்துப் பார்ப்பேன். நாலும் ஒரே அளவாக இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

திரும்பிப் போகும்போது காற்றடிப்பதற்கும் அவன்தான். அவன் சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, சங்கும் கடலட்டையும் எடுத்து வருகிறவன். கரையில் படகுக்காரர் தங்குகிற வாடியில், தூர இடத்தில் நிரப்பிக் கொண்டுவருகிற அந்தச் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடலால் வந்தபிறகு சிலிண்டரின் அடியில் மிஞ்சிக் கிடக்கிற காற்றை யாரும் வீணாகத் திறந்துவிட மாட்டார்கள். மீன் ஏற்ற வருகிற லொறி, ஓட்டோ, என்னைப் போல விருந்துக்கு வருகிற கார் எல்லாம் மணலைத் தாண்டித் தாருக்கு ஏறினதும், அந்த மிச்சக் காற்றில்தான் டயரை நிரப்பிக்கொண்டு போகும். டயருக்கு வைத்த காற்று என்றுதான் அதற்குப் பெயர். அதனால் அந்தக் கரையில் யாரிடமும் பம்ப் இல்லை. என்னிடமும் இருக்கவில்லை. காத்துக்காரியாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தம்பி வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முதல் நாள் பின்னேரமே வந்து தங்கியிருந்தேன். கார் வேலியோரம் காற்றுக் குறைந்த டயர்களோடு நின்றது. தம்பியின் மனைவி, என் மச்சாள், முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கரையில் ஆட்கள் கூடுவதைக் கண்டு கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினாள். கத்தவில்லை. அவள் ஓடின விதத்தைக் கண்டு நானும் மீன் வெட்டின கத்தியோடு பின்னால் ஓடினேன்.

வாடிக்குள் வலைக்கு மேலே தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். கடைசித் தடவை இறங்கினபோது அடியில் வைத்து சிலிண்டரின் மூச்சுக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறான். அப்படி வரக்கூடாது. ஆழத்தில் அமுங்கிக் கிடந்த காற்று உடம்புக்குள் குமிழி குமிழியாக விரிந்துவிடும். மெள்ள மெள்ள வந்தால்தான் அது மூச்சோடு வெளியேறும். கரையில் எல்லாருக்கும் இது தெரியும். படகில் வரும்போது முழங்கால் உளைகிறது என்று சொன்னானாம். நான் போனபோது உளைவைப் பற்றிப் பேசவில்லை. கால் தன்னுடைய கால் மாதிரி இல்லை என்றான்.

நான் அவனுடைய இடது உள்ளங்காலைக் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கொஞ்சம் பொறுத்து, "கிள்ளப் போறியோ அக்கா?" என்று கேட்டான்.

அம்புலன்சுக்குப் போன் அடித்தோம், அது வேறொரு நோயாளியோடு தூரத்தில் நின்றது, வந்து சேர நேரம் எடுக்கும் என்றார்கள். இந்த நோய்க்குச் சரியான வைத்தியம் திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற அழுத்த அறை. இரும்பாலான அறைக்குள் ஆளைக் கிடத்தி, காற்றை இறுக்கி, மறுபடி ஆழத்துக்குக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய், மெள்ள மெள்ள மேலே எடுப்பார்கள். எவ்வளவு நேரத்தோடு கொண்டு போகிறோமோ அவ்வளவுக்குக் கால் மிஞ்சும். காரில்தான் போக வேண்டும். இருந்த நாலு டயரும் தார் ரோட்டில் ஓடுகிற நிலையில் இல்லை. நான் சிலிண்டர்களைப் பார்த்தேன். அன்றைக்கு எல்லாரும் நிறையத் தடவை இறங்கியிருந்தார்கள். தட்டிப் பார்த்ததில் எல்லாம் வெறும் கூடு. ஒன்றில் மட்டும் அடியில் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தது.

அதைச் சம்மாட்டியார் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். படகும் சிலிண்டரும் வாடியும் அவருடையவை. தம்பியைக் கடலுக்குப் பழக்கினவரும் அவர்தான். அவர் சிலிண்டரை எடுத்தது டயருக்கு இல்லை. இப்படிப் பிடித்த ஆளைத் திரும்பவும் தண்ணீருக்குள் இறக்குவதுதான் அந்தக் கரையின் வைத்தியம். ஆழத்துக்குப் போனதும் குமிழி சுருங்கி நோவு நின்றுவிடும். பிறகு ஆறுதலாக, மெள்ள மெள்ள மேலே எடுப்பார்கள். அவருக்கே அப்படி ஒருமுறை சுகமானதாம். ஆனால் பக்கத்து வாடியில் போன வருடம் ஒருவரை இறக்கி, காற்று முடிந்து அவசரமாக மேலே எடுத்ததில், அந்த மனிசன் இன்றைக்கும் பாயை விட்டு எழும்பவில்லை. அதைச் சொன்னேன். அந்தச் சிலிண்டரில் இருக்கிற காற்று ஒரு ஆளை ஆறுதலாக மேலே எடுக்கக் காணாது என்றும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. டயருக்கு வைத்த காற்றைத் தாருங்கள் என்று கேட்டேன்.

"பேர்தான் பிள்ளை டயருக்கு வைச்ச காத்து," என்றார் சம்மாட்டியார். "மனிசன் கேட்டா அது மனிசனுக்குத்தான்."

"மனிசனைக் கொண்டுபோகத்தான் நானும் கேக்கிறன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கண் கலங்கி நின்றது. அவருக்கும் தம்பி ஒரு பிள்ளை மாதிரித்தான். அப்போது தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா, ஒருக்கா இறக்கச் சொல்லு. கீழ போனா நோகாது."

அதைக் கேட்ட பிறகும் மாட்டேன் என்று நின்றேன். என்ன தைரியத்தில் நின்றேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மச்சாளைப் பார்த்தார்கள், ஏனென்றால் முடிவு சொல்ல வேண்டியவள் அவள். அவள் இதே கரையில் பிறந்து வளர்ந்தவள். தகப்பனையும் தமையனையும் இப்படி இறக்கி எடுத்ததைக் கண்டவள். அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"மச்சாள், கார் போய்ச் சேருமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"சேரும்," என்றேன்.

எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன். அவள் சம்மாட்டியாரிடம் திரும்பி, சிலிண்டரைக் காருக்குள் ஏற்றச் சொன்னாள்.

பின் ஆசனத்தில் தம்பியைப் படுக்க வைத்து, தலையை மச்சாள் மடியில் வைத்தாள். கூட இறங்குகிற சுழியோடி ஒருவர் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். மணலில் நிறுத்தினால் புதையும் என்பதால் தார் வரும்வரை ஒரே இழுவையாக இழுத்தேன். ஒவ்வொரு குழியிலும் தம்பி முனகினான். முனகட்டும், சத்தம் வந்தால் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். தார் ஏறின இடத்தில், அவன் வழக்கமாகக் குந்தியிருக்கிற அதே இடத்தில், நிறுத்தி இறங்கினோம்.

இறங்கின பிறகுதான் விளங்கியது, இதைச் செய்யத் தெரிந்தவன் பின் ஆசனத்தில் கிடக்கிறான். கூட வந்த சுழியோடி தண்ணீருக்குள் சிலிண்டரைப் பாவித்தவரே ஒழிய டயருக்கு அடித்தவர் இல்லை. குழாயைப் பூட்டத் தெரிந்தது, எவ்வளவு திறப்பதென்று தெரியவில்லை. சிலிண்டருக்குள் காற்று டயரை விடப் பல மடங்கு இறுக்கத்தில் இருக்கும். கூடத் திறந்தால் டயர் கையில் வெடிக்கும். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கதவுக்குள்ளால் சொல்லித் தந்தான். ஒரு நூல் அளவு திற என்றான். சத்தத்தைக் கேட்டுவிட்டு, கூடிப்போச்சு, மூடு என்றான். மச்சாள் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் கேஜைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன், முள்ளைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

முன் டயர் இரண்டும் அளவுக்கு வந்தன. பின்னால் வலது பக்கமும் வந்தது. கடைசி டயருக்குக் குழாயைப் பூட்டினபோது சீறல் மெலிந்து, மூச்சு விடுவது போலாகி, நின்றுவிட்டது. கேஜை வைத்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே. மேலதிக டயர் ஒட்டுப் போடக் கொடுத்துத் திருகோணமலைக் கடையில் கிடந்தது. அவ்வளவுதான். சிலிண்டரைக் குலுக்கிப் பார்த்தேன், விசர் பிடித்தவள் மாதிரி. காற்றைக் குலுக்கினால் வருமா?

பாரம் குறைக்க வேண்டும் என்று கூட வந்தவரை இறங்கச் சொன்னேன். அவர் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். தம்பியையும் மச்சாளையும் வலது பக்கமாக நகர்ந்து ஒடுங்கச் சொன்னேன். பிறகு ஓட்டத் தொடங்கினேன்.

அந்த ரோட்டை நான் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன். அன்றைக்கு ரோட்டு முடிகிறதாக இல்லை. மெதுவாக ஓடினால் தம்பியின் கால் போகும். வேகமாக ஓடினால் அந்த ஒரு டயர் சூடேறிப் போகும், டயர் போனால் நடு ரோட்டில் எல்லாம் போகும். என் வலது கால் அமத்து அமத்து என்று துடித்தது. நான் அதை அடக்கிக்கொண்டு ஓடினேன். எங்களை முந்திக்கொண்டு சைக்கிளைத் தவிர எல்லாம் போனது. மச்சாள் கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏலாது, வாயை மூடிக்கொண்டிரு என்று கத்திவிட்டேன். அவள் அழத் தொடங்கினாள். பாவம், அவளுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் ரோட்டுத் தெரியாது என்பதால் அழவில்லை.

வழியில் ஒரு மர நிழலில் நிறுத்தி இறங்கி, அந்த டயரில் கையை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்தேன். அப்படிச் சுட்டது. கொஞ்சம் ஆறவிட வேண்டும். ஆறவிட நேரம் இல்லை. போத்தல் தண்ணீரை டயரில் ஊற்றிவிட்டு நின்றேன். தம்பி ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. அவன் முனகலும் நின்றுவிட்டிருந்தது. நான் கதவுக்குள்ளால் தலையை விட்டுப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. "டயரைப் பார், என்னைப் பாராதே" என்றான்.

டயர் தாங்கியது. வழியில் இருந்த ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது ரப்பர் கருகின மணம் காருக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே உடனே ஒட்சிசன் பூட்டி, அதற்குள் திரும்பி வந்திருந்த அம்புலன்சில் மச்சாளையும் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். நான் பக்கத்து டயர்க் கடைக்காரரை வீட்டில் இருந்து எழுப்பி வந்து அந்த டயரை மாற்றிக்கொண்டு பின்னால் போனேன். கழற்றின டயரின் உட்பக்கம் மாவாக உதிர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தா வெடிச்சிருக்கும் தங்கச்சி என்று அவர் சொன்னார்.

அழுத்த அறைக்கு வெளியே, மச்சாளும் நானும் ஒரு மர வாங்கில் இருந்தோம். பின்னேரம் சம்மாட்டியார் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கடற்கரையில் நின்ற அதே சாரத்தோடு வந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் இருக்காமல் சுவரோரமாக நின்றார். நான்தான் இடம் விட்டேன். நுனியில் வந்து குந்தினார். பிறகு, தான் இறக்கியிருந்தால் சுகமாகியிருக்குமோ என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே என்னிடம் கேட்டார். தெரியாது சம்மாட்டியார் என்றேன். டயருக்குக் காற்றடிக்க நின்ற நேரமும், மர நிழலில் நின்ற நேரமும் அவனுடைய காலில் இருந்து போயிருக்குமோ என்று நான் டொக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல ஏலாது, கொண்டு வந்து சேர்த்ததே பெரிய விசயம் என்றார். நல்ல மனிசன். ஆனால் அந்தப் பதில் எனக்குக் காணவில்லை. இன்றைக்கும் காணவில்லை.

தம்பி உயிரோடு வந்தான். வலது கால் முழுதாக வந்தது. இடது கால் வந்தும் வராமலும் நின்றது. தடியைப் பிடித்து நடந்தான், காலைத் தூக்காமல் இழுத்தான். பயிற்சி கொடுக்கக் கொடுக்க வரும், வராமலும் போகலாம் என்றார்கள். கடல் இனி இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்கள்.

அவனை வீட்டுக்குக் கொண்டுபோன நாளில் தார் முடிகிற இடத்தில் காரை நிறுத்தினேன். இனி என் டயரில் காற்றைக் குறைக்கவே விடமாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தேன். நடந்து போவோம் என்றேன். அவன் தடியை ஊன்றி இறங்கினான். தடி மணலுக்குள் இறங்கியது. அதை இழுத்து மறுபடி ஊன்றினான், மறுபடி இறங்கியது. மச்சாள் பிடிக்கப் போனாள், தட்டிவிட்டான். நான் பைக்குள் நெருப்புப் பெட்டியைத் தேடினேன். அவன் தடியைப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்து, டயரடிக்கு நகர்ந்து, கையை நீட்டினான். குச்சியைக் கொடுத்தேன். காதை வைத்துக் கேட்டான். "காணும்" என்றான். ஒவ்வொரு டயருக்காக நிலத்தாலேயே நகர்ந்து போனான். நான் கேஜை எடுக்கவில்லை.

பின்னேரம் நான் திரும்பிப் போகிற நேரம் அவனும் தார் வரைக்கும் காரில் வந்தான். சம்மாட்டியார் எங்களுக்கு முன்னமே அங்கே நின்றார். பக்கத்தில் நிரப்பின சிலிண்டர் ஒன்று. மிச்சக் காற்று இல்லை, முழுசாக நிரப்பினது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். என் காரின் பின்பெட்டியில் இப்போது ஒரு பம்ப் கிடக்கிறது. காலால் மிதித்துக் காற்றடிக்கிறது, மேலே சின்னக் கேஜ் பூட்டினது. அதை எடுத்துத் தரச் சொன்னான்.

நான் மிதிக்கப் போனேன். அவன் என்னைக் கையால் விலக்கி, காரைப் பிடித்துக்கொண்டு நின்று, இடது காலைக் கையாலேயே தூக்கிப் பம்பின் மேல் வைத்தான். "நீ முள்ளைப் பார்" என்றான். நான் குந்தியிருந்து முள்ளைப் பார்த்தேன். தொடை நடுங்கி நடுங்கிப் பம்ப் பாதி வரைக்கும் இறங்கியது. சம்மாட்டியார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏறுதோ?"

"இல்லை. அரைவாசிதான் மிதிக்கிறாய். முழுசா மிதி."

என்னைத் திட்டிக்கொண்டு மிதித்தான். வேர்த்து ஊற்றியது. எத்தனை மிதி என்று நான் எண்ணவில்லை. முள் நின்ற இடத்திலேயே நின்றது, பிறகு ஒரு நடுக்கம், பிறகு கோட்டைத் தொட்டது.

"ஏறுது," என்றேன்.

"பொய் சொல்லாதே."

"காத்து விசயத்தில நான் எப்பயடா பொய் சொன்னனான்?"

அவன் மூச்சு வாங்க நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, டயரைத்தான் பார்த்தான்.

"சொன்னனீ," என்றான். "அண்டைக்கு வாடிக்குள்ள. சேரும் எண்டு."

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறான். அது பொய் என்று தெரிந்துகொண்டுதான் அந்த ரோட்டு முழுக்க என்னோடு வந்திருக்கிறான். நான் கேஜில் இருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன், முள் கலங்கித் தெரிந்தது.

"சேர்ந்தம்தானே," என்றுவிட்டு, இடது காலைத் தூக்கி மறுபடியும் பம்பின் மேல் வைத்தான்.